நண்பரின் மார்பளவு

ஜனவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அப்படி எழுதிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டதால், முக்கால் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுகம்தானே? உங்கள் விசில் இன்னும் பள்ளிக்கூட மதிலைத் தாண்டிக் கேட்கிறதா? அக்காவின் முழங்கால் எப்படி?

போன் இருக்க இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தையல் கடையில் போன் பேசுவதும் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்று. மிஷின் நிற்கிற நேரம் பார்த்து, சட்டை வாங்க வந்தவர், பட்டன் தைக்க வந்தவர், சும்மா வந்தவர் எல்லாருக்கும் காது நீளும். இது அந்தக் காதுகளுக்கான சமாச்சாரம் இல்லை.

இத்தனை வருஷம் மிஷின்மேல் குனிந்ததில் என் முதுகு படுத்துவிட்டது. எலும்பு டாக்டர், "நீச்சல் அடிங்க. இல்லாட்டி கொஞ்ச நாள்ல கத்தரியைக் கீழ வெச்சிடுவீங்க" என்றார். கத்தரியைக் கீழே வைத்தால் சோற்றையும் கீழே வைக்க வேண்டியதுதான். நீச்சல் குளத்துக்குப் போனேன். கரையில் பலகை: சட்டையுடன் இறங்கக் கூடாது.

வீட்டில் என்னைப் பொத்தான் என்று கூப்பிடுவதே கழுத்துப் பொத்தானைக்கூடத் திறக்காதவன் என்பதால்தான். எல்லாரும் அதை ஒழுக்கம் என்று நினைத்தார்கள். அது மார்பு, அத்தான். ஆண்பிள்ளைக்கு இருக்க வேண்டாத அளவு மார்பு. பதினாலு வயசில் வந்த விருந்தாளி இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. ஆளோ ஒல்லி, அதனால் இன்னும் எடுப்பு. சட்டைக்கு இரண்டு பக்கமும் மூடி வைத்த பை, பைக்குள் விறைப்பான கேன்வாஸ் துணி. இப்படித்தான் காலம் ஓட்டினேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கடையில் ஆர்டர் அதிகம் என்றேன். ஆர்டர் அவ்வளவு ஒன்றும் இல்லை.

குளத்துக்கென்று நீளும் துணியில் நானே ஒரு சட்டை தைத்தேன். காவலாளியைக் கெஞ்சி இறங்கினேன். கழுத்து வழியாகக் காற்று புகுந்து சட்டையின் முன்பக்கம் மட்டும் பலூனாக உப்பியது. மறைக்க வந்தது விளம்பரம் செய்தது. கரையேறியபோது துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. காவலாளி பார்த்தார், பிறகு பார்க்காததுபோல ஆகாயத்தைப் பார்த்தார். அது கூரை போட்ட குளம்.

அன்றே முடிவு செய்தேன். எடுத்துவிடப் போகிறேன். இப்போது சின்னத் துளை வழியாகவே எடுக்கிறார்களாம். உங்களிடம் யோசனை கேட்கவில்லை, துணை கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் கூட இருந்து கையெழுத்துப் போட உறவில் ஓர் ஆள் வேண்டும். எனக்கு வேறு யார்?

அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

கழுத்துவரை மூடிய,
பொத்தான்


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இறையருளால் இங்கு யாவரும் நலம். உன் நலம் குன்றியிருப்பது அறிந்து வருந்தினேன்.

உன் முடிவை நான் ஏற்கவில்லை. உடம்பு என்பது உழைப்பால் வடிவு பெறுவது, கத்தியால் அல்ல. உடற்பயிற்சியால் கரையாத ஒன்று மனித உடலில் இல்லை என்பதை முப்பது ஆண்டு உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். அதிகாலை எழுந்து தண்டால் எடு. முதல் வாரம் பத்து, அடுத்த வாரம் இருபது. வயிற்றைக் காயப்போடு. மார்பு தானே அடங்கும். நானே தினமும் எடுக்கிறேன்.

துணைக்கு வருவது பற்றி: முடிவே தவறு என்னும்போது துணை என்ற கேள்வி எழவில்லை. உணவில் கவனம் கொள். முதுகுக்கு ஒத்தடம் கொடு.

இப்படிக்கு,
உன் அத்தான்

ஓரத்துல எழுதுறது அக்கா: இந்த வீட்டுக்கு வர்ற கடிதாசி எல்லாத்தையும் முதல்ல பிரிக்கிறது நான்தான், உனக்குத் தெரியாதா? முழங்கால் பரவாயில்லை. உனக்கு எது தோணுதோ அதைச் செய். இவர் தண்டால் எடுக்கிறது உண்மைதான். கதவைச் சாத்திக்கிட்டு எடுக்கிறார்.


பிப்ரவரி 14

அன்புள்ள அத்தானுக்கு (முதலில் பிரிக்கும் அக்காவுக்கும்),

எல்லாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். என் சௌக்கியத்தைத் தண்டால் கெடுத்துவிட்டது.

உங்கள் பேச்சைத் தட்டவில்லை. நாலாம் நாள் கீழே போனவன் மேலே வரவில்லை. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வந்து, சுருக்கம் விழுந்த வேட்டியைத் தூக்குவதுபோல இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினார். "தொலைஞ்ச பொத்தானைத் தேடினீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை.

அப்புறம் சர்ஜனைப் பார்த்தேன். அறைக்குள் போனால் பெண் டாக்டர். திரும்பிவிடலாமா என்று கால் கேட்டது. கழுத்துப் பொத்தானைத் திறக்க எனக்கு ஆன நேரத்தில் நான் ஒரு பட்டன் துளைக்குக் காஜாவே எடுத்திருப்பேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டேப்பை எடுத்து என் மார்பை அளந்தார். அத்தான், ஊரையே அளக்கிறவன் நான். என்னை ஒருத்தரும் அளந்ததில்லை. என் சட்டைக்கு நானே கண்ணாடிமுன் நின்று அளவெடுப்பேன். அவர் டேப்பைக் கொஞ்சம் தளர்வாகப் பிடித்தார். திருத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

தண்டாலைப் பற்றிக் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொழுப்பு கரையும். இது பெரும்பகுதி சுரப்பி, இது கரையாது. உங்க தப்பு எதுவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. தண்டால் எடுத்தா அடியில இருக்கிற தசை வளரும். மேல இருக்கிறதை இன்னும் முன்னாடி தள்ளும்."

படித்ததும் என்மேல் கோபப்படாதீர்கள், டாக்டரம்மாமேல் படுங்கள்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. வேறு நோய் எதுவும் இல்லை. மார்ச் பதினெட்டு என்று நாள் குறித்தாகிவிட்டது. கடைசி முறையாகக் கேட்கிறேன்: வருகிறீர்களா?

உங்கள்,
பொத்தான்


மார்ச் 10

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லாததால் முதலில் தபால்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் பேன்ட்டைத் தைக்கக் கொடுத்தபோது நன்றாக விசாரித்தேன். மனிதர் குற்றமற்றவர்.

கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டு பழகிய மருந்து. மௌனம்தான் ஒத்துக்கொள்வதில்லை.

நாள் மாறவில்லை. இஸ்திரிக்காரர் வருகிறார். அவர் வராவிட்டாலும் போவேன். வாசலில் நிற்கிற யாரையாவது தம்பி என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவேன். முப்பத்திரண்டு வருஷம் இந்தச் சுமைக்கு நான் உறை தைத்தாயிற்று. இனித் தைக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு.

பொத்தான்


மார்ச் 26

மாப்பிள்ளைக்கு,

நலமடைந்து வருகிறாய் என்று நம்புகிறேன். பள்ளி விளையாட்டு விழா ஏற்பாடுகளில் மூழ்கியிருந்ததால் வர இயலவில்லை. பதிலும் எழுத இயலவில்லை.

செய்தது செய்தாகிவிட்டது. அது குறித்து இனி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. பொது அறிவுக்காக மட்டும் கேட்கிறேன்: வலித்ததா? எத்தனை நாள் படுக்கை? துளை என்றாயே, அது எங்கே, எவ்வளவு பெரிது?

ஓய்வெடு.

உன் அத்தான்

அக்கா: விளையாட்டு விழா முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நீ போன அன்னைக்கு இவர் சாப்பிடலை. காலையில கதவைச் சாத்தினார், ஆனா எண்ணுற சத்தம் வரலை. உனக்குத் துணையா நானாவது கிளம்பி வந்திருக்கணும். முழங்காலைச் சாக்காச் சொல்ல மனசு வரலை.


ஏப்ரல் 4

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் உயிரோடும் மார்பில்லாமலும் நலம். அக்கா, முழங்காலோடு நீ வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் உன்னைத்தான் முதலில் படுக்க வைத்திருப்பார்கள். மனசில் வைத்துக்கொள்ளாதே.

பொது அறிவுக்கான பதில்கள்.

காலையில் டாக்டரம்மா மார்க்கர் பேனாவால் என் மார்பில் வட்டம் போட்டார், அதற்குள் இன்னொரு வட்டம். நாங்கள் துணியில் சாக்பீஸால் போடுகிற அதே கோடுதான். "வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளந்துட்டீங்களா?" என்றேன். "மூணு தடவை" என்றார். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நர்ஸ் இஸ்திரிக்காரரிடம், "நோயாளிக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார். மனிதர் யோசித்து, "இவர் சட்டையெல்லாம் நான்தான் தேய்க்கிறேன்" என்றார். நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டார்.

மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள், அதனால் நடந்தது எதுவும் தெரியாது. விழித்தபோது இரண்டு பக்கமும் அக்குளோரம் ஒரு சின்ன வெட்டு, காம்பின் வட்ட ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பட்டன் துளையைவிடச் சின்னது. மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சி, அதே வழியாகச் சுரப்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தார்களாம். தையலைப் பிரிக்காமல் காஜா வழியாகவே தலையணைப் பஞ்சை எல்லாம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். தொழில் தெரிந்தவர்.

வலி? வலித்தது. யாரோ மார்பில் ஏறி உங்கள் டிரில் வகுப்பை நடத்தியதுபோல. அன்று சாயங்காலமே வீடு. மார்பெல்லாம் கன்றிப்போய் நீலமும் மஞ்சளும். வாரம் ஒன்றில் கடை திறந்தேன். காம்பைச் சுற்றி இன்னும் மரத்திருக்கிறது. மெல்லத்தான் உணர்வு திரும்பும் என்கிறார்.

ஒரே ஒரு தொந்தரவு: உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஓர் உள்சட்டை தந்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழற்றக் கூடாது. யார் வெட்டினார்களோ, கையை நுழைக்கிற இடம், எங்கள் பாஷையில் கைவளையம், படுமோசம். இப்படியும் தைத்து விற்கிறார்களே என்று எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. பரவாயில்லை, கவனித்துக்கொள்கிறேன்.

தட்டையான,
பொத்தான்


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய அவா.

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். என் நண்பர். உன் விஷயத்தைப் பெயர் சொல்லாமல் அவரிடம் குறிப்பிட்டேன். அவருக்கும் இதே உபாதை இருப்பதாகத் தெரிய வந்தது. அவர் சார்பில் கேட்கிறேன்.

ஒன்று, ஐம்பத்தொன்பது வயதில் செய்யலாமா? இரண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர் செய்யலாமா? மூன்று, பெண் மருத்துவர் என்றாய், அவர் சிரித்தாரா? நான்கு, பிறகு குனிந்து நிமிர்ந்து பயிற்சி சொல்லிக்கொடுக்க எவ்வளவு காலம் ஆகும்?

நண்பர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மைதானத்தில் ஒரு நாளாவது வெயிலில் மேல்சட்டை இல்லாமல், வெறும் பனியனோடு நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாம். வயதான காலத்தில் வினோதமான ஆசை. இருந்தாலும் நண்பர்.

உன் அத்தான்

அக்கா: பொத்தான், நான் எதுவும் சொல்லலை. அந்த நண்பரை எனக்கும் நல்லாத் தெரியும். நல்ல மனுஷன். அவரு பொண்டாட்டி இத்தனை வருஷமா, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லைங்கன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. அவர் நம்பினாத்தானே.


மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் உங்கள் நண்பருக்கும் வணக்கம். மூவரும் நலம்தானே?

நண்பரின் கேள்விகளுக்கு வருமுன் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அவருக்குப் பாடமாக இருக்கட்டும். அந்த உள்சட்டையைப் பிரித்துவிட்டேன். கைவளையத்தில் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு வைத்து, ஓரத்தில் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி தைத்து மாட்டிக்கொண்டேன். அவ்வளவு சுகம். கண்ணாடிமுன் நின்று என்னை நானே மெச்சினேன். அந்த வாரமே வலப்பக்கம் வீங்கிவிட்டது. போன விருந்தாளி பெட்டியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்ததுபோல.

டாக்டரம்மா சட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"இதை யார் பிரிச்சது?"

"நான்தான். தையலைப் பாருங்க, முன்னைவிட நேர்த்தி."

"உங்க கடைக்கு வந்து நான் கத்தரியைத் தொட்டேனா?"

இறுக்கம் போனதால் உள்ளே நீர் கோத்துவிட்டதாம். ஊசி போட்டு இழுத்தார்கள், இரண்டு தடவை. புதுச் சட்டை மாட்டி, வாரக்கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். என் வீட்டுக் கத்தரியை இஸ்திரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுக் கேட்டேன். தரவில்லை. இந்த வெயிலில் அந்த மோசமான கைவளையத்தோடுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெட்டு மோசம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கழற்ற மாட்டேன்.

இனி நண்பருக்கு. ஐம்பத்தொன்பதில் தாராளமாகச் செய்யலாம், பரிசோதனைகள் சரியாக இருந்தால். சில மாத்திரைகளாலும் மார்பு பெருக்குமாம். அதனால் என்ன சாப்பிடுகிறார் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விசிலடிக்க மறுநாளே முடியும். தண்டால் எடுக்க ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி. டாக்டரம்மா சிரிக்கவில்லை, அத்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நிறைய ஆண்கள். எல்லாரும் கழுத்துவரை மூடிய சட்டை. ஒரே வகுப்பில் படித்தவர்கள்போல இருந்தோம்.

அன்புடன்,
பொத்தான்


ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

சௌக்கியமா? இரண்டு மாதமாக உங்கள் பதில் இல்லை. இந்தத் தடவை தபால்காரரை நான் விசாரிக்கவில்லை. நண்பர் யோசிக்கட்டும்.

நேற்றுக் குளத்தில் இறங்கினேன். சட்டை இல்லாமல். அதே காவலாளி. என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தச் சட்டைதான் அவருக்கு ஞாபகம். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நீச்சல் தெரியாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காலை உதைத்தேன். முதுகு நன்றி சொன்னது. கத்தரி இனி என் கையில்தான்.

பொத்தான்


ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் முதுகு தேறி வருவது மகிழ்ச்சி.

என் நண்பர் உன் மருத்துவரிடம் வந்து ஆலோசனை பெற்றுச் சென்றுவிட்டார். உனக்குச் சிரமம் தர வேண்டாம் என்று சொல்லாமல் வந்து போயிருக்கிறார். ஆகஸ்டு பதினேழு என நாள் குறித்திருக்கிறார்கள்.

அவருக்கு அந்த இறுக்கமான உள்சட்டையை நல்ல கைவளையத்தோடு நீயே தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார். மார்பளவு நாற்பது.

துணைக்கு வர அவருக்கு ஆள் இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. தனியாகவே சமாளிப்பார்.

உன் அத்தான்




ஜூலை 27

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நண்பரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உள்சட்டை தைக்க மாட்டேன். டாக்டரம்மா கொடுப்பதைப் போட்டுக்கொள்ளட்டும், பட்டவன் சொல்கிறேன். ஆனால் முன்பக்கம் திறக்கிற தளர்வான சட்டை இரண்டு தைத்து அனுப்பியிருக்கிறேன். கையைத் தூக்க முடியாத நாட்களுக்கு ஆகும். நாற்பது என்று எழுதியிருந்தீர்கள். நான் நாற்பத்து மூன்றரைக்குத் தைத்திருக்கிறேன். நண்பருக்குச் சரியாக இருக்கும்.

பனியன் ஆசைக்கு என்று நல்ல வெள்ளைப் பருத்தித் துணி எடுத்து வைத்திருக்கிறேன். பையில்லாமல் ஒற்றைத் துணியில் பனியன்போல ஒரு அரைக்கைச் சட்டை. இன்னும் வெட்டவில்லை. இப்போதைய அளவு அப்போது உதவாது. ஆறு வாரம் கழித்து நானே வந்து அளவெடுக்கிறேன்.

உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், நண்பரிடம் சொல்ல வேண்டாம். உங்கள் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்த நாளிலிருந்து உங்கள் மேல்சட்டை எல்லாம் நான்தான் தைக்கிறேன். ஒவ்வொன்றின் உட்புறத்திலும், மார்புக்கு நேராக, நீங்கள் கேட்காத ஒரு கேன்வாஸ் துண்டு இருக்கும். என் சட்டையில் வைக்கிற அதே துண்டு, அதே வெட்டு. அளவெடுக்கும்போது தையல்காரன் வாயில் குண்டூசி இருக்கும், அத்தான். பேச முடியாது. அது எங்கள் தொழிலுக்கு நல்லது.

ஆகஸ்டு பதினேழு கடைக்கு விடுமுறை. பலகையில் எழுதித் தொங்கவிட்டாயிற்று. நண்பர் வேண்டாம் என்றாலும் வருவேன். நர்ஸ் என்ன உறவு என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கையெழுத்தும் நன்றாகப் போடுவேன்.

திறந்த கழுத்தோடு,
பொத்தான்


ஆகஸ்டு 5

மாப்பிள்ளைக்கு,

நலம்.

பழைய மேல்சட்டை ஒன்றின் உட்புறத்தைப் பிரித்துப் பார்த்தேன். இருந்தது.

பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நில். தாமதித்தால் கட்டடத்தைச் சுற்றி மூன்று முறை ஓட வேண்டியிருக்கும். நண்பர் வரமாட்டார். நான் வருவேன்.

அத்தான்

அக்கா: பிரிச்ச மேல்சட்டையைத் தைக்க உனக்கு அனுப்பட்டுமான்னு இவர்கிட்ட கேட்டேன். வேணாம், இனி அது எதுக்குன்னுட்டார்.